மேலிருந்து மின்னிய புள்ளி

அலாரம் அலறியது.

விமானக் கட்டுப்பாட்டு அறையில் அவர் டீ டம்ளரை வைத்தார். பாதி மேசையில், பாதி தன் சட்டையில்.

ரேடார் திரையில் ஒரு புள்ளி சிவந்திருந்தது. அதன் அருகே 7600.

ரேடியோ வேலை செய்யவில்லை என்று விமானி சொல்லும் எண்.

விமானத்தில் இருப்பது ஜெசிந்தா. பயிற்சி மாணவி. இன்றுதான் முதல்முறையாகத் தனியாக வெகுதூரம் போயிருக்கிறாள்.

காலையில் அவளைக் கடிந்துகொண்டதும் அவர்தான். ஓடுபாதைக்கு உருண்டு போகும்போது டிரான்ஸ்பாண்டரை ஆன் செய்ய மறந்துவிட்டாள். விமானம் எங்கே, எந்த உயரத்தில் என்று ரேடாருக்குச் சொல்லும் பெட்டி அது.

“என்னம்மா, திரையில ஆளையே காணோம்? நீ என்ன பேயா?” என்று கேட்டிருந்தார்.

இப்போது அவளுக்கு மிஞ்சிய ஒரே வாய் அந்தப் பெட்டிதான்.

கூப்பிட்டார். பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டார். வெறும் இரைச்சல்.

ஒருவேளை அவளுக்குக் கேட்கிறதோ? பேசத்தான் முடியவில்லையோ?

நான் பேசுவது கேட்டால் டிரான்ஸ்பாண்டர் பொத்தானை அழுத்து என்றார். அழுத்தினால் திரையில் அவள் புள்ளி மின்னும்.

காத்திருந்தார்.

புள்ளி பளிச்சென்று மின்னியது.

பக்கத்து இருக்கை மைதீன் பெருமூச்சு விட்டார். அலாரத்தை நிறுத்தினார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

இது எதற்கு? அவர் நிதானமாகத்தானே இருக்கிறார்!

எரிபொருள் போதுமா?

மின்னியது.

தரை தெரிகிறதா?

மின்னவில்லை. மேகத்துக்குள் இருக்கிறாள்.

வலப்பக்கம் திரும்பச் சொன்னார். திரும்பினாள். இறங்கச் சொன்னார். புள்ளியின் அருகே உயரம் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஓடுபாதைக்குப் பக்கத்து உப்பளம் தெரிகிறதா?

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, மின்னியது.

இவ்வளவும் விதிப்படி ஆங்கிலத்தில். அடுத்த கேள்வி மட்டும் தமிழில் வந்து விழுந்தது.

“பயமா இருக்காம்மா? இருந்தா அழுத்து.”

புள்ளி சீராக ஊர்ந்தது. மின்னவே இல்லை.

அடேயப்பா, என்ன நெஞ்சுரம் என்று நினைத்துக்கொண்டார்.

சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டன. நிறுத்துமிடம் வந்து சேரும்வரை புள்ளி திரையிலேயே இருந்தது. இந்த முறை அவள் மறக்கவில்லை.

அறைக்குள் வந்தபோது அவள் தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. மைதீன் எழுந்து கை தட்டினார்.

“பயமான்னு கேட்டேன், பொத்தான் பக்கமே போகலையே நீ!” என்றார் அவர், பெருமை தாங்காமல்.

அவள் அவருடைய டீக்கறைச் சட்டையைப் பார்த்தாள். காலியான தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள்.

“உயிரே போயிட்டு சார். ஆனா உங்க குரல் நடுங்குன நடுக்கத்துக்கு, நானும் அழுத்தியிருந்தா நீங்க தாங்கியிருப்பீங்களா?”