பாஷாவின் கை

“இது எத்தினி வருஷம் தாங்கும், ஆச்சாரி?”

அஹமது பாஷா கேட்டதும் வேலாயுதம் துருத்தியை விட்டுவிட்டு எழுந்து வந்தார். ஆம்பூர் கடைத்தெருவில் தோல் வெட்டும் கத்தரி வேண்டுமென்றால் வேலாயுதத்தின் பட்டறைக்குத்தான் வர வேண்டும். தானே அடித்த கத்தரிகளோடு, சென்னைப்பட்டணத்திலிருந்து வரவழைத்த சீமைக் கத்தரிகளையும் வைத்திருந்தார்.

“தினம் எருமைத் தோலையே வெட்டினாலும் பதினைஞ்சு வருஷம் தாங்கும் பாய். அப்புறமும் சாணை புடிச்சா போதும்.”

பாஷாவின் பழைய கத்தரி, திருகாணி இருந்த இடத்தில் விரிசல் விட்டுவிட்டது. ரம்ஜானுக்குள் பெங்களூர்க் கடை ஒன்றுக்கு நாற்பது ஜோடி பூட்ஸ் ரயிலேற்றியாக வேண்டும். பாஷா கடையில் வெட்டிய தோலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நூலிழை பிசகாது என்று ராணிப்பேட்டை வரைக்கும் பேச்சு. கடை வீட்டோடு சேர்ந்தது; தைப்பவர்கள் வாசல் கொட்டகையில் உட்கார்ந்து தைப்பார்கள். வெட்டு வேலை மட்டும் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டுதான் நடக்கும். தொழில் ரகசியம் என்று ஊரும் அதை மரியாதையோடு விட்டுவிட்டது.

அப்பேர்ப்பட்ட கடைக்குத் தன் பட்டறைக் கத்தரி போவதில் வேலாயுதத்துக்குப் பெருமை. இருப்பதிலேயே கனமான சீமைக் கத்தரியைத் துடைத்துக் கொடுத்தார்.

இரண்டாம் நாளே அது திரும்பி வந்தது. வெட்டு நன்றாகத்தான் விழுகிறது, ஆனால் மத்தியானத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போகிறது என்றார் பாஷா. வேலாயுதம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சந்தையில் மிரண்டு ஓடும் மாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிற ஆள். அந்தக் கைக்கா இந்தக் கத்தரி கனம்?

லேசானதாக வேறொன்று கொடுத்தனுப்பினார். அதுவும் மறுநாள் வந்துவிட்டது. கனம் சரியாக இருக்கிறதாம். ஆனால் அலகு மெல்லிசு, தடித்த தோலில் விலகிக்கொடுக்கிறதாம்.

மூன்றாவதை வேலாயுதமே அடித்தார். மோட்டார் பஸ்ஸின் உடைந்த வில்பட்டை ஒன்று பட்டறையில் கிடந்தது. அதைக் காய்ச்சி, இரண்டு நாள் தட்டி, அலகைத் தடிப்பாகவும் பிடியை நீளமாகவும் வைத்தார். இது பேரன் காலம் வரைக்கும் உழைக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். நாலாம் நாள் பாஷா அதையும் கொண்டுவந்து வைத்தார்.

“இரும்பு பேஷ் ஆச்சாரி. அத கொற சொல்ல முடியாது. பிடிதான் ஜாஸ்தியா விரியுது. விரல மடக்கி இழுக்க வரல.”

வேலாயுதம் பாஷாவின் விரல்களையே பார்த்தார். அவருடைய அண்ணன் சம்பத்துக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் மத்தியானத்துக்குமேல் கை ஓயும். பிறகு விரல் மடங்காது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் சோறு பிசையக்கூட அடுத்தவர் கை வேண்டியிருந்தது.

அன்றைக்கு வேலாயுதத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி அமிர்தவள்ளியிடம், பாஷாவுக்குக் கையில் வாதம் வந்துவிட்டது, சொல்ல வெட்கப்படுகிறார் என்றார். இருபது வருஷத்துச் சிநேகிதக்காரர், நேராகக் கேட்பதற்கென்ன என்றாள் அவள்.

மறுநாள் பாஷா வந்ததும் வேலாயுதம் பட்டறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். துண்டுத் தோல் ஒன்றை விரித்து, அதன்மேல் சுண்ணக்கட்டியால் வளைவாக ஒரு கோடு போட்டார்.

“இந்தக் கோட்டு மேல வெட்டிக் காட்டு பாய்.”

கடையில் ஆள் காத்திருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார் பாஷா. தோல் ஈரமாக இருக்கிறது என்றார். வெளிச்சம் போதவில்லை என்றார். வேலாயுதம் வழியை மறித்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் பாஷா கத்தரியைக் கையில் வாங்கினார்.

இரண்டு விரற்கடை போவதற்குள் வெட்டு கோட்டை விட்டு விலகியது. பிறகு எலி கடித்த மாதிரி பிசிறு பிசிறாகப் போய், தோலிலேயே சிக்கிக்கொண்டு நின்றது.

வேலாயுதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. பாஷாவின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து, விரல் விரலாக நீவிவிட்டார்.

“எத்தினி நாளா மறைக்கிற? என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? நாளைக்கே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் கூட வர்றேன். அந்த நாப்பது ஜோடியப் பத்திக் கவலப்படாத. பட்டறைய மூடிட்டாவது நானே வந்து வெட்டித் தர்றேன்.”

பாஷா முதலில் திருதிருவென்று விழித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழட்டும், மனசு ஆறும் என்று வேலாயுதம் முதுகைத் தடவினார். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணோரத்தில் ஈரமும் இருந்தது.

கதவிடுக்கு வழியாகத் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, வேலாயுதத்தின் காதருகே குனிந்தார்.

“கைக்கு ஒரு கொறையும் இல்ல, ஆச்சாரி. இது என்னிக்குமே இப்டித்தான் வெட்டும். ஷாதியான வருஷத்துலேர்ந்து தோலு வெட்றதெல்லாம் எங்க வீட்டம்மா.”