சக்களத்திப் புல்

சரத்குமார் மறுபடியும் மண்டியிட்டுவிட்டான்.

பந்து எங்கோ கிடந்தது. அதை அவன் தேடவே இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல உள்ளங்கையால் புல்லைத் தடவிக்கொண்டிருந்தான்.

பின்னால் நின்ற சத்யாவுக்கு வயிறு எரிந்தது.

கட்டின புருஷன் இன்னொருத்தியைத் தடவினால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். புல்லைத் தடவுகிறான் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அரும்பாவூர் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ரிசார்ட் அது. ஒன்பது குழி கொண்ட கோல்ஃப் மைதானமும் உண்டு. பிள்ளைகளைப் பூலாம்பாடியில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு நாள் நாம் மட்டும் போய் இருந்துவிட்டு வரலாம் என்று அவன் கூப்பிட்டபோது சத்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மயில்கழுத்துக் கலரில் புதுப் புடவை கட்டினாள். தலை கொள்ளாமல் கனகாம்பரம் வைத்தாள்.

அவன் கண்ணில் பட்டதோ, ஐந்தாவது குழிப் பக்கம் காய்ந்துகிடந்த ஒரு திட்டு.

"பாவம், வேருக்குத் தண்ணியே எறங்கல" என்று அதற்காக உருகினான். கூடவே நடக்கிறவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாளா என்று கேட்கத் தோன்றவில்லை.

மலேசியாவில் ஒரு பெரிய கோல்ஃப் மைதானத்தில் புல் வளர்ப்பதுதான் அவனுக்கு வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவு. மற்ற நாளெல்லாம் போன். போனிலும் புல் கதைதான். இன்று வெட்டினேன், இன்று மருந்தடித்தேன், மழை பெய்து பளபளவென்று கிடக்கிறது. ம், ம் என்று கேட்டுக்கொண்டே சத்யா அதற்கு மனதுக்குள் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டாள்.

குடல்வால் ஆபரேஷன் ஆகி அவள் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவன் வரவில்லை. அங்கே போட்டி நடக்கப்போகிற நேரமாம். புல்லில் பூஞ்சை விழுந்துவிட்டதாம். இவளுக்குத் துணைக்கு ஒரு ஆள் இல்லை, சக்களத்திக்கு ராத்திரி பகலாக வைத்தியம். அதை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து விமானம். இந்தத் தடவை போகாதீங்க என்று அவன் வந்திறங்கிய அன்றே சொல்லிவிட்டாள். போன லீவிலும் அதற்கு முந்தின லீவிலும் இருந்துவிடுகிறேன் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டியவன், இந்த முறை வாயையே திறக்கவில்லை. தனியாக இருக்கும்போது சொல்வான் என்று நம்பித்தான் இங்கே வந்தாள்.

எங்கே தனியாக இருப்பது? ரிசார்ட் மேனேஜர் மணிமாறன் வேறு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் குழியிலிருந்து கூடவே வந்துகொண்டிருந்தார். வாடகை மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவோம் என்று பயம்போல.

"ஏங்க, அதை அப்பறம் கொஞ்சலாம். எனக்குக் கால் கடுக்குது" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து பந்தை அடித்தான். நன்றாகத்தான் அடித்தான். பந்து போன திசையைப் பார்க்காமல், தன் கால் பதிந்த இடத்தைத்தான் குனிந்து பார்த்தான்.

கடைசிக் குழிக்கு வந்ததும் இரும்பு மட்டையை அவளிடம் நீட்டினான். "நீ ஒண்ணு அடிச்சுப் பாரேன் சத்யா."

சத்யா வாங்கினாள்.

பூலாம்பாடி வெங்காயக் காட்டில் சின்னப் பிள்ளையிலிருந்து களை கொத்தின கை அது. பயிர் இல்லாத பச்சை எல்லாம் அந்தக் கைக்குக் களைதான். அதிலும் இந்தப் பச்சை, அவள் குடியைக் கெடுத்த பச்சை.

ஓங்கினாள். கொத்தினாள். தன் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தாள்.

பந்து அசையவில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் புல் வேரோடு பெயர்ந்து அவள் காலடியில் வந்து விழுந்தது.

பொய் சொல்வானேன், அவளுக்கு அப்படியே நெஞ்சு குளிர்ந்துபோனது. திட்டட்டும். அடிக்கக்கூட அடிக்கட்டும். எட்டு வருட ஆத்திரத்துக்கு இவ்வளவாவது வேண்டாமா?

"ஐயய்யோ" என்று மணிமாறன் ஓடிவந்தார்.

சரத்குமார் திட்டவில்லை. பெயர்ந்ததை எடுத்துப் பள்ளத்தில் வைத்து, ஓரங்களை விரலால் மெல்ல ஒட்டினான்.

"ஒட்டுமா சரத்?"

"ஒட்டும் சார். திங்கக்கிழமை வந்ததும் மொத வேலையா இதைத்தான் பாக்கணும்."

மணிமாறன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப வேலைக்கு வரேங்கிறீங்க! ஒரு சுத்து நடந்து பாத்துட்டுச் சொல்றேன்னீங்களே, எங்க வேணாம்னு போயிடுவீங்களோன்னு காலைலேருந்து பயந்துக்கிட்டே வரேன்."

சத்யாவுக்குக் கணக்கு இடித்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறவன், திங்கட்கிழமை இங்கே எப்படி வருவான்?

சரத்குமார் நிமிரவில்லை. மண் பிசைந்த கையைப் பார்த்துக்கொண்டே, "மூணாந்தரமும் சொல்லி ஏமாத்த வேணாம்னுதான் சொல்லல" என்றான்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேனேஜர் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை, புதுப் புடவை மண்ணாகும் என்றும் பார்க்கவில்லை, அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவன் கையைத் தள்ளிவிட்டு, பெயர்ந்த புல்லை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்டித் தொலைடி" என்றாள், அதற்கு மட்டும் கேட்கிற மாதிரி.