டிரைவரின் நடைப்பயிற்சி

"ஐயோ, அவுத்து விடுங்கப்பா! எனக்கு ஒண்ணும் இல்ல. நானே நடந்து வர்றேன்!"

ஸ்ட்ரெச்சரில் பட்டை போட்டுக் கட்டப்பட்டிருந்த டிரைவர் திமிறினார். மூன்றாவது மாடியிலிருந்து அவரைப் பக்குவமாக இறக்கிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ்காரர்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க சார். பேசாம படுங்க. உங்க பொண்ணோட உத்தரவு."

டிரைவரின் ஒரே மகள் பெரிய ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவின் தலைமை நர்ஸ். காலமெல்லாம் பஸ் ஓட்டி, உட்கார்ந்தபடியே ஊர் சுற்றிய அப்பா, ஓய்வு பெற்ற பிறகு சோபாவோடு ஒட்டிக்கொண்டுவிடக் கூடாதே என்று பிறந்தநாளுக்கு ஒரு வாட்ச் வாங்கித் தந்திருந்தாள். எவ்வளவு நடந்தார், நாடி எப்படித் துடிக்கிறது என்பதையெல்லாம் உடனுக்குடன் அவள் போனுக்குக் கோள் சொல்லும் வாட்ச்.

இன்று காலை அது போட்டுக்கொடுத்த செய்தி: நாடி தாறுமாறாக ஓடுகிறது!

"கொஞ்சம் மெதுவாப் போங்கப்பா..." பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த டிரைவரின் மனைவி, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பயத்துல எனக்கே மூச்சு வாங்குது."

டிரைவருக்கோ கவலை வேறு. ஆம்புலன்ஸ் வந்தபோது சோபாவில் படுத்து உப்புக் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். மீதிக் கடலை இன்னும் சட்டைப் பையில் இருந்தது. மகள் கண்ணில் பட்டால் நெஞ்சு வலி நிஜமாகவே வந்துவிடும்.

பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மாற்றும்போது பையிலிருந்து கடலை பொலபொலவென்று கொட்டியது.

"அப்பா! உப்பைக் குறைக்கச் சொன்னேனா இல்லையா?"

"அது... புறாவுக்குப் போடறதுக்காக வச்சிருந்தேன்மா."

பக்கத்திலிருந்த சின்ன நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் கையிலிருந்த வாட்சைக் கழற்றப் போராடினாள். "என்ன சார், இப்படி இறுக்கிக் கட்டியிருக்கீங்க? தோல்ல அச்சே பதிஞ்சு போச்சு!"

"அப்பதான் நழுவாது" என்றார் டிரைவர், கூரையைப் பார்த்தபடி.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். இதயத்தை ஸ்கேன் திரையில் ஓடவிட்டு டாக்டர் இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தார்.

"பெரியவரே, இதயம் இளவட்டம் மாதிரி அடிக்குது. என்ன ரகசியம்?"

"நடைதான் டாக்டர்!" என்று மகள் முந்திக்கொண்டாள், பெருமை பிடிபடாமல். "மழை பெஞ்சாக்கூட விடமாட்டார். காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் நடந்துட்டே இருப்பார். எங்க வார்டுல எல்லார்கிட்டயும் அப்பாவைத்தான் உதாரணம் காட்டறேன்."

"மழையிலயுமா?" டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

"வ... வராண்டாவுல" என்று முனகினார் டிரைவர்.

மகளின் முகம் மட்டும் தெளியவில்லை. "ஆனா டாக்டர், இந்த வாரம் பூரா நாடி விட்டு விட்டு இப்படித்தான் காட்டியிருக்கு. நான்தான் இன்னைக்கு வரைக்கும் கவனிக்கல." போனை நீட்டினாள்.

டாக்டர் அதை நிதானமாகப் பார்த்தார். "இது மட்டும் நிஜமா இருந்திருந்தா சும்மா விடக் கூடாதும்மா. இதயத்துல ரத்தம் உறைஞ்சு, அது மூளையில போய் அடைச்சா பக்கவாதம்தான். முன்கூட்டியே கண்டுபிடிச்சா மாத்திரையிலயே தடுத்துடலாம். நல்லவேளை, உங்க அப்பாவுக்கு அந்தக் கோளாறு இல்ல. கோளாறு வாட்ச்சுலதான். அதைத் தூக்கிக் கடாசிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

டிரைவர் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். மானம் தப்பியது. தொல்லை பிடித்த அந்த வாட்சும் ஒழிந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே, கிளம்புங்க" என்று மனைவி அவசரமாகப் பையை எடுத்தாள். "மொட்டை மாடியில துணி காயுது."

"வந்ததுதான் வந்த, நீயும் ஒரு தடவை செக் பண்ணிக்கோயேம்மா. எத்தனை தடவை கெஞ்சறேன்" என்றாள் மகள்.

"எனக்கென்ன கேடு? கால்ல சக்கரம் கட்டின மாதிரி நாள் பூரா ஓடிட்டிருக்கேன். உங்கப்பா மாதிரி கடலையா கொறிக்கிறேன்?"

சொல்லிக்கொண்டே கதவை நோக்கி நடந்தவள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பெருமூச்சு விட்டாள். ஒன்றும் ஆகாததுபோல் மறுபடி நடந்தாள்.

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த டிரைவரின் கை அப்படியே நின்றது. மனைவியைப் பார்த்தார். மகளின் போனைப் பார்த்தார். வாயைத் திறந்தால் மகள் தொலைத்துவிடுவாள், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். திறக்காவிட்டால்?

கட்டிலிலிருந்து குதித்தே இறங்கினார்.

"அடியே, நில்லு! ஒரு அடிகூட எடுத்து வைக்காதே."

"என்னங்க, என்னாச்சு?"

டிரைவர் அவள் கையிலிருந்த பையைப் பிடுங்கிக் கீழே வைத்தார். அவள் தோளைப் பிடித்துத் தான் படுத்திருந்த கட்டிலில் உட்கார வைத்தார். மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"இவளைப் பாருங்க டாக்டர்... அந்த வாட்சை நான் மாட்டினதே ஆம்புலன்ஸ் வந்தப்புறம்தான். இத்தனை நாளா அது இருந்தது இவ கையிலதான்!"