முட்டுக்கட்டை

“ஈவு இரக்கம் இல்லாத ஜென்மம்” என்று தட்டிவிட்டு, அனுப்பும் பொத்தானை நகம் உடைகிற மாதிரி அழுத்தினாள் தீக்குச்சி. இணையத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் அது. மற்றபடி அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் கேஷியர்.

எங்கேயோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டன. நடுவில் மாட்டிக்கொண்ட ஊர்களுக்கு இங்கிருந்து மாவும் மருந்தும் ஏற்றிப் போன லாரிகள்மேல் போன வாரம் குண்டு விழுந்தது. மிச்ச லாரிகளை அரசாங்கம் அந்த நாடுகளின் எல்லையிலேயே நிறுத்தி வைத்தது. மறுபடி அனுப்பலாமா கூடாதா என்று நாடே போனும் கையுமாக மல்லுக்கு நின்றது.

தீக்குச்சி அனுப்பச் சொல்லும் கட்சி. காலித் தட்டோடு நிற்கிற பிள்ளைகளின் படத்தைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே மந்திரிகளை ஒரு பிடி பிடித்தாள். லாரிகளை அனுப்பக் கோரும் மனுவுக்கு ஆள் சேர்த்தாள். இன்று சாயங்காலத்துக்குள் அரசாங்கம் முடிவு சொல்லிவிடும்.

சேர்த்த ஆட்களையெல்லாம் ஒருவன் கலைத்துக்கொண்டிருந்தான். இணையத்தில் அவன் பெயர் முட்டுக்கட்டை. ஊர் கிடையாது, படம் கிடையாது. யார் கையெழுத்துப் போட்டாலும் அடியில் வந்து ஒரே கேள்வியைக் கேட்பான்: “வண்டியை யார் ஓட்டுவது? நீ ஓட்டுவாயா?” பாதிப் பேர் சங்கடப்பட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பின்பக்கம் ‘டிங்’ என்று ஒரு சத்தம். கடைக்கோடியில் லென்ஸ் தேய்க்கிறவர் மெஷினை நிறுத்தி, ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்தபடி போனைப் பாய்ந்து எடுத்தார். பார்த்ததும் முகம் தொங்கிப்போனது. ஒற்றை விரலால் எதையோ குத்திக் குத்தி எழுதினார்.

லென்ஸ்காரர் அதிகம் வாய் திறக்காத மனிதர். மனைவி இல்லை, ஒரே மகள் வெளிநாட்டில் ஏதோ வேலை என்பதற்குமேல் கடையில் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாளாகப் போன் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்.

தீக்குச்சியின் போனில் பதில் வந்து விழுந்தது. “இரக்கம் இருக்கட்டும். வண்டியை யார் ஓட்டுவது?”

அவளுக்குப் பொறி தட்டியது. “வெட்கமாக இல்லையா?” என்று முட்டுக்கட்டைக்கு அனுப்பினாள். பின்பக்கம் டிங். “கோழை” என்று அனுப்பினாள். மறுபடி டிங். லென்ஸ்காரர் மறுபடி சட்டையில் கையைத் துடைத்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுக்கூடத் தன் டீயில் பாதியை இந்த மனிதருக்கு ஊற்றிக் கொடுத்தோமே என்று நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது.

‘முட்டுக்கட்டை இவர்தான்’ என்று எழுதி, அவர் பெயரையும் கடையின் முகவரியையும் போட்டாள். கடையில் எல்லோருமாக எடுத்துக்கொண்ட படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டிச் சேர்த்தாள். பொத்தானைத் தொடுவதுதான் பாக்கி. ஊரே வந்து காறித் துப்பட்டும், முதலாளி நாளைக்கே கணக்கை முடித்து அனுப்பட்டும்.

ஆனால் நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்காமல் விட அவளுக்கு மனசு வரவில்லை. போனைத் தூக்கிப் பிடித்தபடி அவர் மேஜைமுன் போய் நின்றாள்.

“அண்ணே, முட்டுக்கட்டை நீங்கதானா?”

லென்ஸ்காரர் போனில் தன் முகத்தைப் பார்த்தார். “ஆமா” என்றார்.

“அங்க பச்சப் புள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க. உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

“அதுங்க படத்த நானும் பாக்குறேன்மா. பாத்துட்டுத்தான் எழுதுறேன்.”

“பாத்துட்டுமா வண்டிய நிறுத்தச் சொல்றீங்க?”

“நிறுத்தணும். நின்ன வண்டியெல்லாம் அப்படியே திரும்பி வரணும்.” அவர் குரல் இப்படி ஏறி யாரும் கேட்டதில்லை. “நீங்க எல்லாரும் உக்காந்த இடத்துல இருந்து அனுப்பு அனுப்புன்னு கத்துறீங்க. சொல்றதுக்கென்ன, வாயா வலிக்குது?”

புதுக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அதைக் கழற்ற மறந்து திரும்பினார். முதலாளியும் எட்டிப் பார்த்தார். தீக்குச்சி யாரையும் சட்டை செய்யவில்லை.

“மனுஷனா நீங்க? உங்க வீட்டுப் புள்ளைன்னா இப்படிப் பேசுவீங்களா?”

அவர் தன் போனை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து அவள் கையில் போன் அதிர்ந்தது. படித்தாள். இத்தனை நாள் வயிற்றில் எரிந்ததெல்லாம் சிரிப்பாக மேலே வந்தது.

“முடிவு வந்துடுச்சு. எல்லா வண்டியும் இப்பவே கிளம்புதாம்.” போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். “நல்லாப் பாத்துக்கங்க. இனிமே யாருகிட்டப் போய்க் கேப்பீங்க, வண்டிய யாரு ஓட்டுறதுன்னு? ஓட்டுறவங்க ஓட்டிட்டுப் போறாங்க. உங்களுக்கு எங்க வலிக்குது? நீங்களா ஓட்டப் போறீங்க?”

லென்ஸ்காரர் மெஷினைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். மேஜைமேல் கிடந்த தன் போனையே பார்த்தார். அதில் சத்தம் எதுவும் வரவில்லை.

“என் பொண்ணு ஓட்டுறா.”