ஆபரேட்டரின் கவனக்குறைவு

மதியம் ஒரு மணி பத்து நிமிடம். இந்த மாதத்தில் பதினெட்டாவது தடவை. ஆபரேட்டர் 'சுவிட்ச்' மறுபடியும் சர்வரை அணைத்துப் போட்டிருந்தார்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. மருத்துவமனைக் கம்ப்யூட்டர் பிரிவில் அது யாருக்கும் ஞாபகமில்லை.

புரோகிராம் எழுதுகிறவளுக்குத் தலை வெடித்தது. விடுவிடுவென்று சர்வர் அறைக்குப் போனாள்.

"ஏன் சார், உங்களுக்குப் பசிச்சா சர்வரும் சாப்பிடப் போகணுமா?"

"பத்தே நிமிஷம் மேடம். கவுன்ட்டர் மூடியிருக்கிற நேரம்தானே. நோயாளி யாருக்கும் தொந்தரவில்ல."

"எனக்குத் தொந்தரவு! மாச ரிப்போர்ட்ல தினம் ஒரு சிவப்புக் கோடு. உன் புரோகிராம் டெய்லி மயக்கம் போட்டு விழுதாமேன்னு மேல சிரிக்கிறாங்க."

அவர் பதிவேட்டை இழுத்துக் காரணம் எழுதினார்: 'ஆபரேட்டரின் கவனக்குறைவு.'

அந்தப் பக்கத்தை அப்படியே போனில் படம் பிடித்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

"பாருங்க சார், அவரே கைப்பட எழுதியிருக்கார். கொஞ்சமாவது கூச்சம் இருக்கா?"

"நல்ல மனுஷன்மா."

"நல்ல மனுஷனை வச்சு நான் என்ன பண்றது? வேலை தெரிஞ்ச மனுஷனாக் குடுங்க."

புகார்க் கடிதம் போனது. மூன்றே நாளில் சுவிட்சை மருந்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம்.

மறுநாள் ஒரு மணி பத்து நிமிடம் சத்தமில்லாமல் கடந்தது. அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மூன்று நாற்பதுக்குக் கவுன்ட்டரிலிருந்து போன்.

"மேடம், ஒரு ரிப்போர்ட்டும் திறக்கல! வரிசை வாசலைத் தாண்டிப் போயிடுச்சு. ஆபரேஷன் தியேட்டர்ல ஆளைப் படுக்க வச்சுட்டு ரத்த ரிப்போர்ட் எங்கேன்னு டாக்டர் கத்துறார்!"

ஓடிப்போய் சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். ரிப்போர்ட் திறந்தது. அப்புறம்தான் என்ன நடந்தது என்று பார்த்தாள்.

ரிப்போர்ட் ஒன்றைத் திறக்க சர்வரோடு ஓர் இணைப்பு வேண்டும். மொத்தம் இருநூறு இணைப்புகள். இருநூறையும் அவளுடைய புரோகிராம்தான் எடுத்திருந்தது. ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை.

திருப்பித் தரும் வேலையை அவள் கம்ப்யூட்டர் மொழியின் தலையில் கட்டியிருந்தாள். பயன்படுத்தித் தூக்கிப் போட்டதையெல்லாம் அது தானே பெருக்கி எடுக்கும். இணைப்பும் அப்போது விடுபடும். ஆனால் நினைவகத்தில் இடம் நெருக்கினால்தான் அது துடைப்பத்தைத் தொடும். பழைய சர்வரில் இடம் குறைவு, அடிக்கடி பெருக்கியது. புது சர்வரிலோ இடம் கொட்டிக்கிடக்கிறது. அது ஏன் எழுந்திருக்கப் போகிறது?

சுவிட்சுக்குப் போன் போட்டாள்.

"சார், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"புது சர்வர் வந்த வாரமே தெரியும் மேடம். நாலு மணிக்குள்ள நிரம்பிடும். அதான் கூட்டமில்லாத நேரமாப் பார்த்து ஒரு தடவை அணைச்சு எடுப்பேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. 'அதெல்லாம் மொழியே பார்த்துக்கும், நீங்க உங்க வேலையைப் பாருங்க'ன்னுட்டீங்க."

சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"சரி... பதிவேட்டுல ஏன் உங்க தப்புன்னு எழுதினீங்க?"

"அப்ப உங்களுக்கு வேலை நிரந்தரமாகல. கைக்குழந்தை வேற. புரோகிராம்ல தப்புன்னு எழுதினா உங்களைத் தூக்கியிருப்பாங்க. அப்புறம் எழுதி எழுதிக் கை பழகிப்போச்சு. என்னை என்ன பண்ணிடுவாங்க, மிஞ்சிப்போனா இடம் மாத்துவாங்க." சிரித்தார். "இருங்க மேடம், பஸ் வந்துடுச்சு."

வேலை முடிந்த கையோடு இணைப்பைத் திருப்பிக் கொடு என்று, மூன்று இடங்களில் ஒவ்வொரு வரி சேர்த்தாள். ஐந்து நிமிட வேலை.

பிறகு, சுவிட்சைத் திரும்ப அழைக்கச் சொல்லி மேனேஜருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். 'தவறு என்னுடைய' என்பது வரை வந்தது. நாளைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தாள்.

அக்டோபர் 17ஆம் தேதி, சர்வர் நூறு நாட்கள் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடியதற்காக மருத்துவமனை அவளுக்குக் கேடயம் வழங்கியது. மருந்துக் கிடங்கு ஊழியர்களோடு உட்கார்ந்து சுவிட்சும் கை தட்டினார்.