பைக்குள் இரண்டு காசு

ஏலம் முடிந்ததும் தேவசகாயம் தான் எடுத்த தங்கக் காசைச் சின்னக் கண்ணாடிப் பெட்டியோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பைக்குள் ஏற்கெனவே ஒரு பத்து ரூபாய் நாணயம் கிடந்தது.

"வாங்க, எந்த ஊரு?" என்றது பத்து ரூபாய்.

"ஐரோப்பா. என்னை அச்சடிச்சு நானூறு வருஷமாச்சு. அன்னிக்கே ஒருத்தர் சுவருக்குள்ள ஒளிச்சு வச்சுட்டார். ஒரு தடவைகூடக் கடைக்குப் போனதில்லை. இன்னிக்கு ஒரு கோடி குடுத்து எடுத்திருக்காரே, என்னை வச்சு என்ன வாங்குவார்?"

"ஒண்ணும் வாங்க மாட்டார். நீங்க எந்தக் கடையிலயும் செல்ல மாட்டீங்க."

தங்கக் காசுக்குத் தலை சுற்றியது. "அப்புறம் ஏன் அத்தனை பேர் போட்டி போட்டாங்க?"

"அதுதான் எனக்கும் புரியலை. நான் எல்லாக் கடையிலயும் செல்லுவேன்னு சர்க்கார் சொல்லுது. ஆனா ஒரு கடைக்காரரும் என்னைத் தொட மாட்டேங்கிறார்."

ஏலம் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டிருந்த தேவசகாயம், டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்தார். பத்து ரூபாயை எடுத்து நீட்டினார்.

"இது செல்லாதுண்ணே, வேற குடுங்க" என்றார் கடைக்காரர்.

பத்து ரூபாய் மறுபடியும் பைக்குள் வந்து விழுந்தது. போனில் சார்ஜ் இல்லை. தேவசகாயம் பையைத் துழாவினார். விரல் கண்ணாடிப் பெட்டியில் பட்டது.

"என்னைக் குடுங்க!" என்று துள்ளியது தங்கக் காசு. "ஒரே ஒரு டீ, நான் வாங்கித் தரேன்!"

அவர் பெட்டியை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டு, கடைக்காரரைப் பாவமாகப் பார்த்தார்.

"கையில காசே இல்லையேப்பா."

பைக்குள் இருந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.