பத்துக் கிலோ வரை

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், தொலைபேசியில் ஊரார் புகார் கேட்கும் வேலையிலிருக்கும் பெண்மணியின் ஒன்பது வருடத் தலைவலி வெறும் மன உளைச்சலே என்று பெரிய டாக்டர் கண்டுபிடித்துவிட்டார்.

"இதைத்தானே நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!" என்றார் கணவர்.

ஒருவராவது நம்பினால் போதும் என்றுதான் அவள் வந்திருந்தாள்.

வலி அளக்கும் கருவியின் ரப்பர் நுனியை டாக்டர் அவளது இடது நெற்றிப்பொட்டில் அழுத்தினார். ஒரு கிலோவிலேயே துடித்துவிட்டாள்.

"சாதாரணமா நாலு கிலோ தாங்கணும்மா. சார், நீங்க வாங்க, காட்டுவோம்."

பார்த்தால் பயப்படுவாள் என்று அவளைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். டாக்டர் கணவரின் வலது நெற்றிப்பொட்டில் ரப்பர் நுனியை வைத்து அழுத்தினார்.

"ஒண்ணுமே தெரியலையே டாக்டர், இன்னும் அழுத்துங்க."

"என்னங்க, போதுங்க, வலிக்குது!" என்று அவள் கத்தினாள்.

"உன்னை யாரு தொட்டா?"

"பத்துக் கிலோ! இதுக்கு மேல கருவியில எண்ணே இல்ல," என்று டாக்டர் வியந்தார்.

திரையை விலக்கினார்கள். கணவரின் நெற்றியில் ஒரு தடமும் இல்லை. அவளது வலது நெற்றிப்பொட்டில் ரப்பர் நுனியின் அளவில் வட்டமாகக் கன்றிச் சிவந்திருந்தது.

"உள்ள உட்கார்ந்து நீயே அமுக்கிக்கிட்டியாக்கும்?" என்றார் கணவர்.

டாக்டர் அவர் கையைக் குலுக்கிவிட்டு, அவளுக்குப் பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்தார்.